12 லட்சம் கடன் வாங்கி எம்.பி.ஏ. படிக்கலாமா? நான்கு வழிகளின் கணக்கு

எம்.பி.ஏ. சேரப்போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் பேச்சு பெரும்பாலும் இரண்டு எண்களைச் சுற்றியே ஓடுகிறது. ஒன்று கல்லூரி கேட்கும் கட்டணம். இன்னொன்று கல்லூரியின் விளம்பரத் தட்டியில் போட்டிருக்கும் 'ஹையஸ்ட் பேக்கேஜ்'. கட்டணம் 12 லட்சம், பேக்கேஜ் 18 லட்சம், ஒரே வருடத்தில் கடனை அடைத்துவிடலாமே என்று யாராவது ஒரு மாமா சொல்வார். அடுத்த வாரம் வங்கியில் விண்ணப்பம் வாங்கியாகிவிடும்.

முதல் எண், கடைசியில் கட்டி முடிக்கப்போகும் பணத்தில் பாதிதான். இரண்டாவது எண் அந்த பேட்ச்சில் ஒரே ஒருவருக்குக் கிடைத்தது. இவற்றை வைத்து முடிவெடுப்பதைவிட வேறு ஒரு கேள்வியைக் கேட்கலாம். இந்தப் படிப்பைப் படிக்காமலே இருந்தால் இரண்டு வருடம் கழித்து மாதம் கைக்கு எவ்வளவு வரும்? படித்தால் எவ்வளவு வரும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதத் தவணையைவிடப் பெரியதா? படித்தால் சம்பளம் வரும் என்பதை மட்டும் பார்த்தால் எந்தக் கல்லூரியும் லாபமாகத்தான் தெரியும். படிக்காவிட்டாலும் ஏதோ ஒரு சம்பளம் வரத்தான் போகிறது. அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 23, பி.காம். முடித்துவிட்டு சென்னையில் வேலை, கைக்கு மாதம் 25,000. வேலையை விடாமல் இருந்தால் இரண்டு வருடத்தில் 32,000 ஆகலாம். இவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: கேட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.எம். போன்ற இடத்துக்குப் போவது. 12 லட்சம் கேட்கும் ஒரு தனியார் பிசினஸ் ஸ்கூல். தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட் எழுதி கவுன்சலிங்கில் ஓர் உள்ளூர்க் கல்லூரி. வேலையிலேயே இருந்துகொண்டு தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிப்பது. கீழே வரும் சம்பள எண்கள் எல்லாம் நான் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகள். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முறை மாறாது.

கடன் வளரும் விதம்

கல்விக்கடனில் படிக்கும் இரண்டு வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். இதை வட்டி இல்லாத காலம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனிவட்டியாக ஓடி, தவணை தொடங்கும் நாளில் அசலோடு சேர்ந்துகொள்ளும்.

12 லட்சத்தை நான்கு செமஸ்டருக்கும் மூன்று மூன்று லட்சமாக வங்கி கல்லூரிக்கு அனுப்புகிறது, வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் முடியும்போது வட்டி மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் சேர்ந்திருக்கும். ஆக, தவணை 15 லட்சத்துக்குப் போடப்படும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 20,700. கட்டி முடிக்கும்போது மொத்தம் 24.8 லட்சம். அவ்வளவு முடியாது, 15 வருடமாகப் போடுங்கள் என்றால் மாதம் 17,000 ஆகக் குறையும், மொத்தம் 30 லட்சத்தைத் தாண்டும்.

படிக்கும் காலத்திலேயே வீட்டில் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிட்டால் அது அசலோடு சேராது. அப்படிக் கட்டுபவர்களுக்கு ஒரு சதவீதம் வட்டி குறைக்கவும் வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இடம் உண்டு. கடன் வாங்கும்போது மேனேஜரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டரில் மாதம் 2,750 கட்டினால் போதும். கடைசி செமஸ்டரில் அது 11,000 வரை ஏறும். முடிந்தவரை கட்டுங்கள் என்பதே என் கருத்து.

பிணை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பொதுவான விதிப்படி 4 லட்சம் வரை பிணையும் வேண்டாம், நம் பங்காகக் கைப்பணம் போடவும் வேண்டாம். அதற்கு மேல் 7.5 லட்சம் வரை சில வங்கிகள் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கும். அதையும் தாண்டினால் வீடோ நிலமோ. இந்த 7.5 லட்சக் கோட்டை ஒரு எச்சரிக்கைக் கோடாகவே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே போகும்போது ஊரில் இருக்கும் ஒரே வீட்டின் பத்திரம் வங்கிக்குப் போகிறது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இதில் கொஞ்சம் மாற்றம் கொண்டுவந்திருக்கிறது. மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-ஐ வைத்துத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) தகுதியின் பேரில் இடம் கிடைத்தால் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை, 3 சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. ஆனால் இந்த மூன்று சதவீதம் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான், அதிலும் அரசு நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு முன்னுரிமை. வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்பு என்றால் தவணை தொடங்கும் வரையிலான வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் சலுகை தொடர்கிறது. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் இது எதுவும் கிடையாது. கல்லூரி முகவர் 'லோன் நாங்களே ஏற்பாடு செய்து தருகிறோம்' என்றால், எந்த வங்கி, எந்தத் திட்டம், எவ்வளவு வட்டி என்று கேளுங்கள். பெரும்பாலும் அது வங்கியல்லாத நிதி நிறுவனமாக இருக்கும், வட்டியும் கூடுதலாக இருக்கும்.

சம்பளம் என்று சொல்லப்படுவது

6.5 லட்சம் சி.டி.சி., அதாவது நிறுவனம் நமக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு, என்று ஆஃபர் லெட்டர் வருகிறது. பன்னிரண்டால் வகுத்தால் 54,000. அது கைக்கு வராது. நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் எல்லாம் அந்த 6.5 லட்சத்துக்குள்ளேயே இருக்கும். வேரியபிள் பே பத்து சதவீதம் என்றால் அது வருடக் கடைசியில், டார்கெட் முடித்தால். பிறகு நம் பங்கு பி.எஃப். பிடித்தம். எல்லாம் போக மாதம் 40,000 முதல் 43,000 வரை கைக்கு வரும். விற்பனை வேலை என்றால் வேரியபிள் பங்கு இன்னும் பெரியது, கைக்கு வருவது இன்னும் குறைவு. ஜாய்னிங் போனஸை முதல் வருடச் சம்பளத்தில் சேர்த்து பேக்கேஜைப் பெரிதாகக் காட்டுவதும் உண்டு. அடுத்த வருடம் அது இருக்காது.

இப்போது 12 லட்சக் கல்லூரியில் படித்தவரின் மாதத்தைப் பார்ப்போம். கைக்கு 41,000. தவணை 20,700. மிச்சம் 20,300. அதில்தான் பெங்களூரிலோ சென்னையிலோ வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம்.

இன்னும் சங்கடமான கணக்கு, நான் மேலே சொன்ன கூடுதல் தொகை. படிக்காமல் வேலையிலேயே இருந்திருந்தால் 32,000 வந்திருக்கும். படித்ததால் கூடுதலாக வருவது 9,000. அந்த 9,000-த்துக்காக மாதம் 20,700 தவணை. இதோடு, வேலையை விட்ட இரண்டு வருடத்தில் வராமல் போன ஆறரை லட்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி பிரோஷரில் இது எங்கேயும் இருக்காது, ஆனால் படிப்பின் செலவில் இதுவும் உண்டு.

இதற்கு ஒரு பதில் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் சம்பளத்தை மட்டும் பார்க்காதே, ஐந்தாவது வருடச் சம்பளத்தைப் பார் என்பார்கள். உண்மைதான். எம்.பி.ஏ.-வின் பலன் இரண்டாவது வேலையில்தான் பெரும்பாலும் தெரியும். ஆனால் அந்த வளர்ச்சி முதல் வேலை என்ன வேலை என்பதைப் பொறுத்தது. ஒரு நுகர்பொருள் நிறுவனத்தில் மேனேஜ்மெண்ட் டிரெய்னியாகச் சேர்ந்து ஏரியா மேனேஜராக ஆகும் பாதையும், தனியார் வங்கியில் கணக்குத் தொடங்கவைக்கும் ரிலேஷன்ஷிப் ஆபீசர் வேலையும் ஒரே சி.டி.சி.-யில் தொடங்கலாம். இரண்டாவது வேலை பி.காம். முடித்தவருக்கும் கிடைக்கிறது. எம்.பி.ஏ. இல்லாமலே கிடைக்கும் வேலைக்காக 12 லட்சம் செலவழித்தால், ஐந்தாவது வருடத்திலும் அந்தக் கூடுதல் தொகை வந்து சேராது.

ஆகவே பிளேஸ்மெண்ட் பட்டியலில் நிறுவனங்களின் லோகோவைப் பார்ப்பதில் பயன் இல்லை. பதவியின் பெயரைக் கேளுங்கள். பெரிய வங்கியின் லோகோ இருக்கிறது என்பதற்காக எல்லோரும் கார்ப்பரேட் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆகிவிடாது.

கல்லூரியின் உண்மையான எண் எங்கே கிடைக்கும்

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை முதன்முதலில் 2016-ல் வெளியானது. ரேங்க் எத்தனை என்று பார்ப்பதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். அதில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் அரசுக்குக் கொடுக்கும் தரவுத்தாள் பொதுவில் கிடைக்கிறது. கல்லூரியின் இணையதளத்திலேயே பக்கத்தின் அடியில் எங்காவது 'என்.ஐ.ஆர்.எஃப்.' என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் இரண்டு வருட எம்.பி.ஏ.-வுக்கு வருடவாரியாக ஒரு அட்டவணை: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு. மூன்று வருடத்துக்கும் இருக்கும்.

மீடியன் என்றால் வரிசையில் நிற்கவைத்தால் சரியாக நடுவில் நிற்பவரின் சம்பளம். சராசரியைவிட இது எவ்வளவோ நம்பகமானது. 60 பேரில் இரண்டு பேருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தாலே சராசரி எகிறிவிடும், மீடியன் அசையாது. ஆனால் இந்த மீடியனிலும் ஒரு ஓட்டை உண்டு. அது வேலை கிடைத்தவர்களின் மீடியன். ஒரு கற்பனைக் கல்லூரியில் 168 பேர் முடித்தார்கள், 110 பேருக்கு வேலை, 5 பேர் மேற்படிப்பு என்று வைத்துக்கொள்வோம். மீடியன் என்று காட்டப்படுவது அந்த 110 பேரில் நடுவில் நிற்பவருடையது. அதாவது மேலிருந்து 55-வது ஆள். முடித்த எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் 84-வது ஆள். அவருடைய சம்பளம் காட்டப்பட்டதைவிடக் குறைவு. மீதி 53 பேர் கணக்கிலேயே இல்லை. அதிலும் சிலர் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ளப் போயிருப்பார்கள், எல்லோரும் வேலையில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. இருந்தாலும், கடன் வாங்கிப் படிப்பவர் தன்னை 55-வது ஆளாக நினைத்துக் கணக்குப் போடுவதைவிட 84-வது ஆளாக நினைத்துப் போடுவது நல்லது. கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு விழ ஒரு மெத்தை இருக்கிறது.

ஐ.ஐ.எம். அகமதாபாத் முன்னெடுத்து உருவாக்கிய பிளேஸ்மெண்ட் அறிக்கை விதிமுறை ஒன்று இருக்கிறது, ஐ.பி.ஆர்.எஸ். என்பார்கள். அதில் நிலையான சம்பளம், உறுதியான ரொக்கம், எல்லாம் சேர்ந்த உச்சத் தொகை என்று பிரித்துக் காட்ட வேண்டும், வெளி ஆடிட்டரும் பார்ப்பார். ஒரு கல்லூரி இந்த முறையில் அறிக்கை வெளியிடுகிறதா என்று கேளுங்கள். இல்லை என்பதற்காக அது மோசமான கல்லூரி ஆகிவிடாது. ஆனால் 12 லட்சம் கேட்பவரிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. என்.ஐ.ஆர்.எஃப்.-லும் பங்கேற்பதில்லை, தணிக்கை செய்த அறிக்கையும் இல்லை, 'நூறு சதவீத பிளேஸ்மெண்ட் அசிஸ்டன்ஸ்' மட்டும் உண்டு என்றால் நான் அந்தக் கல்லூரிப் பக்கம் போக மாட்டேன்.

ஐ.ஐ.எம். வழி

கட்டணம்தான் முதலில் பயமுறுத்தும். பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது, 2011-ல் தொடங்கிய திருச்சி ஐ.ஐ.எம்.-மும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் இங்கே கடன் வேறு விதமாகக் கிடைக்கும். முன்னணி நிறுவனங்களுக்கென்று வங்கிகள் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. வட்டி குறைவு, பிணை பெரும்பாலும் கேட்பதில்லை.

20 லட்சம், 9 சதவீதம் என்று போட்டால் மூன்று வருடத்தில் 24 லட்சமாகிறது. பத்து வருடத் தவணை மாதம் சுமார் 30,500. முடித்தவரின் சி.டி.சி. 16 லட்சம் என்று வைத்தால், வரியும் பி.எஃப்.-உம் வேரியபிளும் போக 90,000-ஐ ஒட்டிக் கைக்கு வரும். வேலையில் இருந்திருந்தால் வந்திருக்கும் 32,000-ஐக் கழித்தால் கூடுதல் தொகை 58,000. தவணையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடன் தொகை பெரிது, ஆனால் ஆபத்து சிறிது. 12 லட்சக் கடனைவிட 20 லட்சக் கடன் பாதுகாப்பானது என்று சொன்னால் வீட்டில் நம்ப மாட்டார்கள், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

எல்லா ஐ.ஐ.எம்.களையும் ஒரே தட்டில் வைக்கவும் வேண்டாம். 2015-ல் தொடங்கிய போத் கயா, சம்பல்பூர், சிர்மோர் போன்றவற்றுக்கும் அகமதாபாத், பெங்களூர், கல்கத்தாவுக்கும் சம்பளத்தில் பெரிய இடைவெளி உண்டு. கட்டணத்தில் அந்த அளவுக்கு இடைவெளி கிடையாது. இங்கேயும் அதே தரவுத்தாளைத்தான் பார்க்க வேண்டும்.

கேட் என்றால் ஐ.ஐ.எம். மட்டும் என்று நினைத்துவிடுவதும் ஒரு பிழை. டெல்லி பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ். 1954-ல் தொடங்கியது. இரண்டு வருடக் கட்டணம் ஐ.ஐ.எம்.-மில் ஒரு செமஸ்டருக்குக் கட்டுவதைவிடக் குறைவு, சம்பளமோ முதல் வரிசை ஐ.ஐ.எம்.களுக்கு அருகில். கடன்-சம்பளக் கணக்கில் இந்தியாவில் அதை மிஞ்ச ஆள் இல்லை. இடம் கிடைப்பதுதான் கஷ்டம். பக்கத்தில் என்றால் திருச்சி என்.ஐ.டி.யின் மேலாண்மைத் துறையும் ஐ.ஐ.டி. மெட்ராஸின் மேலாண்மைத் துறையும் கேட் மதிப்பெண்ணில் ஆள் எடுக்கின்றன, கட்டணம் ஐ.ஐ.எம்.-மைவிடக் குறைவு. திருச்சியில் பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் 1984-லிருந்து இருக்கிறது. லயோலாவின் லிபா, கோவை பி.எஸ்.ஜி. என்று நல்ல பெயர் எடுத்த தனியார் நிறுவனங்களும் உண்டு. இவை 'தனியார்' என்பதாலேயே இரண்டாவது வழியில் சேர்த்துவிட வேண்டாம், தரவுத்தாளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேட் எழுதுபவர்கள் அண்மை வருடங்களில் இரண்டரை லட்சத்துக்கு மேல். முதல் முறை 80 பர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் 80 சதவீதம் பேரைவிட மேலே, வந்தவர் என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் அந்த மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் 12 லட்சக் கல்லூரியில் அவசரமாகச் சேர்ந்துவிடுகிறார்கள், ஒரு வருடம் வீணாகிவிடும் என்று. வேலையில் இருந்துகொண்டே இன்னொரு முறை எழுதினால் செலவு சில ஆயிரம் ரூபாய், சம்பளமும் வந்துகொண்டிருக்கும், வேலை அனுபவம் ஒரு வருடம் கூடும். வீணாவது எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு முறை எழுதியும் ஏறவில்லை என்றால் அப்போது விட்டுவிடலாம்.

டான்செட் கவுன்சலிங்கும் உள்ளூர்க் கல்லூரியும்

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட்டில் நல்ல மதிப்பெண் எடுத்து, கவுன்சலிங் மூலம் அரசுப் பல்கலைக்கழகத் துறையிலோ ஒரு நல்ல இணைப்புக் கல்லூரியிலோ சேர்ந்தால் இரண்டு வருடக் கட்டணம் இரண்டு லட்சத்துக்குள் முடியும். வீட்டிலிருந்து போய்வர முடிந்தால் செலவு அவ்வளவுதான். கடன் வாங்கினாலும் தவணை தொடங்கும்போது இரண்டரை லட்சத்துக்குள் நிற்கும், 10 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு மாதம் 4,100. ஹாஸ்டல் என்றால் கடன் 4 லட்சமாகும், தவணை 8,100 ஆகும். தவணை இரட்டிப்பாவது ஹாஸ்டலால் என்பதைக் கவனியுங்கள்.

முடித்தபின் 3.5 லட்சம் சி.டி.சி. என்று வைத்தால் கைக்கு 25,000. 4,100 தவணை போனால் மிச்சம் 20,900. மேலே 12 லட்சக் கல்லூரிக்காரருக்கு மிஞ்சியது 20,300. சம்பளத்தில் 16,000 வித்தியாசம் இருந்தும் கையில் மிஞ்சுவதில் வித்தியாசமே இல்லை. முதல் சில வருடங்களுக்காவது.

ஆனால் நாம் எடுத்துக்கொண்ட ஆள் ஏற்கெனவே 25,000 வாங்குகிறவர், இரண்டு வருடத்தில் 32,000-க்குப் போகிறவர். வேலையை விட்டுவிட்டு இந்தக் கல்லூரியில் சேர்ந்து மறுபடி 25,000-த்தில் தொடங்குவதில் அவருக்கு அர்த்தமே இல்லை. அதே கல்லூரி, பட்டம் முடித்து நல்ல வேலை கிடைக்காமல் ஊரில் 12,000 சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நல்ல முடிவு. கூடுதலாக வருவது அவருக்கு எட்டு, பத்தாயிரம், தவணை நாலாயிரம். ஒரே கல்லூரி, ஒரே கட்டணம், யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாகிறது. அதனால்தான் 'இந்தக் கல்லூரி நல்லதா' என்று பொதுவாகக் கேட்டுப் பிறர் சொல்லும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை மறக்க வேண்டாம். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், இந்த வழியில் கடனே இல்லாமல்கூட முடிக்க வாய்ப்பு உண்டு.

வேலையை விடாமல் படிப்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இக்னோ, சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் தொலைநிலை எம்.பி.ஏ. ஒரு லட்சத்துக்குள் முடியும், சம்பளம் நிற்காது, கடன் வேண்டாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்திருக்கிறது. வங்கி, பொதுத்துறை, பெரிய நிறுவனங்களில் பதவி உயர்வுக்கு எம்.பி.ஏ. என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டியிருந்தால் இது போதும். புதிய வேலைக்குக் கதவு திறக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இங்கே கேம்பஸும் கிடையாது, சீனியர்களும் கிடையாது. தனியார் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் எம்.பி.ஏ.-வை விற்கும் ஆட்கள் தினமும் மூன்று முறை போன் செய்வார்கள். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று அவர்கள் சொல்வதும் உங்கள் பெயரில் ஒரு கடன்தான், கடன் வரலாற்றைப் பதியும் சிபிலில் ஏறும்.

வரிச்சலுகை, தள்ளுபடி, இன்னும் சில

வருமானவரிச் சட்டத்தின் 80இ பிரிவில் கல்விக்கடன் வட்டியை எட்டு வருடம் வரை வருமானத்தில் கழிக்கலாம் என்பதை எல்லா முகவர்களும் சொல்வார்கள். பழைய வரிமுறையில்தான் அது உண்டு. புதிய முறையில் 2025-26 முதல் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. 6.5 லட்சம் வாங்குபவருக்கு 80இ-யால் ஒரு பைசா பயன் இல்லை. 20 லட்சம் வாங்குபவருக்கும், வேறு பெரிய கழிவுகள் இல்லாவிட்டால், புதிய முறையே லாபம். ஆகவே இந்தச் சலுகையை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேர்தல் அறிக்கைகளில் வரும் கல்விக்கடன் தள்ளுபடியை நம்பித் தவணையை நிறுத்துவது அதைவிட மோசம். மூன்று மாதம் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பிரிட்டனில் அரசு தரும் கல்விக்கடனில் சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால்தான் பிடித்தம் தொடங்கும். நம் ஊரில் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேதி வந்தால் தவணை வரும். கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருப்பதால் அவர்கள் சிபிலும் சேர்ந்தே கெடும். அப்புறம் தங்கையின் படிப்புக்குக் கடன் கேட்கப் போகும்போது வங்கி இதைத்தான் முதலில் எடுத்து வைக்கும்.

வீடுகளில் வாய்விட்டுப் பேசாத ஒன்று: மகள் பெயரில் கடன் வாங்கினால், திருமணத்துக்குப் பிறகு யார் கட்டுவது? அவள் சம்பளம், அவள் கடன், அவளே கட்டுவாள் என்று கல்யாணப் பேச்சின்போதே சொல்லிவிடுவது உத்தமம். இந்த ஒரு கேள்விக்குப் பயந்து பெண்ணை மட்டும் மலிவான கல்லூரிக்கும் பையனைக் கடனில் பெரிய கல்லூரிக்கும் அனுப்பும் வீடுகள் இருக்கின்றன. கேட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தது அவளாக இருந்தால், மேலே போட்ட கணக்கு அவளுக்கும் அப்படியே பொருந்தும்.

சரி, 12 லட்சக் கல்லூரிக்கு யாருமே போகக் கூடாதா? போகலாம். கட்டணத்தில் பாதியை வீட்டிலிருந்தே போட முடிந்து கடன் 6 லட்சத்தோடு நிற்கும் என்றால், தவணை பத்தாயிரத்துச் சொச்சம்தான், சமாளிக்கலாம். குடும்பத் தொழிலை எடுத்து நடத்தப் போகிறவருக்கு பிளேஸ்மெண்ட் எண்ணே தேவையில்லை. கல்லூரியின் தரவுத்தாளை வைத்துப் பார்க்கும்போது, முடித்த எல்லோரிலும் நடுவில் நிற்பவரின் சம்பளம் கூட 9, 10 லட்சத்தைத் தொடும் என்று தெரிந்தால் தாராளமாகப் போகலாம், அப்படிப்பட்ட தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. வீட்டுப் பத்திரத்தை வைத்து, முழுக் கட்டணத்தையும் கடனாக வாங்கி, மீடியன் தெரியாத ஒரு கல்லூரியில் சேர்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சீட்டைப் பிடித்துவைக்க 50,000, ஒரு லட்சம் என்று முன்பணம் கேட்டு, இரண்டு நாளில் கட்டச் சொல்லி நெருக்குவார்கள். டான்செட் கவுன்சலிங்கோ வேறு கல்லூரியின் பட்டியலோ வருவதற்கு முன்பே உங்களைக் கட்டிப்போடத்தான் அந்த அவசரம். தொழிற்கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.-யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்றால், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அசல் மதிப்பெண் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை இல்லை. முன்பணம் கட்டும் நிலை வந்தால் ரசீது வாங்குங்கள், சான்றிதழ்களின் நகலை மட்டும் கொடுங்கள்.